எவரெட்டில் ஒரு குட்டி இழுவைப் படகு: எந்த வரைபடத்தை வாங்குவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட்டில் வீடு. 24 அடி நீளக் கராஜ். அதன் கதவு 9 அடி அகலம், 7 அடி உயரம். மேசையும் அலமாரியும் செய்து பழகிய கை. வாரயிறுதிகளில் மனைவியோடும், எட்டும் பதினொன்றும் வயதான இரண்டு பிள்ளைகளோடும் பியூஜெட் சவுண்ட் கடற்கழியில் சுற்ற, இழுவைப் படகின் சாயலில் ஒரு சிறு படகு வேண்டும். மூன்று வரைபடங்களைத் தேர்ந்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று, ஒட்டுப்பலகைகளைக் கம்பியால் தைத்து எப்பாக்சிப் பசையால் ஒட்டும் 14 அடிப் படகு. இரண்டாவது, வங்குகளை (படகின் விலா எலும்புபோன்ற குறுக்குச் சட்டங்களை) நிறுத்தி ஒட்டுப்பலகை போர்த்தும் 18 அடிப் படகு. மூன்றாவது 22 அடி எஃகுப் படகு. அதை 18 அடியாகச் சுருக்கிக்கொள்ளலாமா என்பது யோசனை. உங்கள் உயரம் 6 அடி 1 அங்குலம் என்பதால் படகை ஓட்டுபவர் நிற்கும் சுக்கான் அறையை 15 செ.மீ. உயர்த்தலாமா என்றும் கேட்கிறீர்கள். தலைப்பில் இருப்பது 'எது சிறந்தது' என்ற கேள்விதான். ஆனால் சுருக்கலாமா, உயர்த்தலாமா என்ற இரண்டையும் படித்தபோது, நீங்கள் உண்மையில் கேட்பது இதுவென்று பட்டது: ஒரு வரைபடத்தில் எதைத் தொடலாம், எதைத் தொட்டால் பிள்ளைகளோடு தண்ணீரில் மாட்டிக்கொள்வோம்? அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் கொச்சியில் கப்பல் வடிவமைப்புப் படித்தவன். ஒன்பது ஆண்டுகள் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் துறைமுக இழுவைக் கப்பல்களுக்கு நிலைப்புக் கணக்குப் போட்டேன். இப்போது டக்கோமாவில் இருக்கிறேன். மூன்று குளிர்காலங்களைச் செலவழித்து என் கராஜில் 15 அடியில் ஒரு குட்டி இழுவைப் படகு கட்டி முடித்தேன். என் படிப்பும் வேலையும் முப்பது மீட்டர் எஃகுக் கப்பல்களோடு. மரத்தில் என் அனுபவம் இந்த ஒரு படகும், நண்பர்களுடைய இரண்டு படகுகளில் கைகொடுத்ததும் மட்டுமே. உங்கள் மூன்று வரைபடங்களிலும் நீங்கள் காட்டிய வெளிப்படத்தைத்தான் பார்த்திருக்கிறேன், உள்ளே உள்ள தாள்களை அல்ல. ஆகவே கணக்காகச் சொல்வதைக் கணக்காகவும், அனுபவத்தில் சொல்வதை அனுபவமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கும் யோசனையை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. 22 அடியை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் 18 அடியாக்கினால் நீளம் 82 சதவீதம் ஆகிறது. தண்ணீரில் அது தாங்கும் எடை நீளத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். அதாவது 55 சதவீதம். சாய்ந்த படகைத் திரும்ப நிமிர்த்தும் வலு நான்காம் அடுக்கில் குறையும், 45 சதவீதம். கண்ணுக்கு நாலு அடிதான் போனது. படகுக்குப் பாதி போய்விட்டது. ஆனால் அதில் ஏறுகிற நீங்கள் சுருங்கவில்லை. அதே 90 கிலோ, அதே 6 அடி 1 அங்குலம். எஃகிலேயே கட்டுவதானால் இன்னும் மோசம், ஏனென்றால் தகட்டின் கனத்தைச் சுருக்க முடியாது. 3 மி.மீ.க்குக் கீழே போனால் வெல்டிங் சூட்டில் தகடு அப்பளம் மாதிரி நெளியும். 3 மி.மீ. எஃகு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 24 கிலோ, 9 மி.மீ. ஒட்டுப்பலகை, இருபுறமும் கண்ணாடியிழை போர்த்தினாலும் ஏழு கிலோவைத் தாண்டுவது அரிது. இவ்வளவு சிறிய படகுக்கு எஃகு பொருந்தாது. மூன்றாவது வரைபடத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

மனிதர் சுருங்குவதில்லை என்பதுதான் எல்லாக் குட்டி இழுவைப் படகுகளின் ஆதாரச் சிக்கலும். நிஜ இழுவைக் கப்பலில் சுக்கான் அறை உயரமாக நிற்பதற்குக் காரணம், அடியில் பல டன் எடையுள்ள இன்ஜின் உட்கார்ந்திருப்பது. பொழுதுபோக்குப் படகு அந்த அறையை மட்டும் எடுத்துக்கொண்டு இன்ஜினை விட்டுவிடுகிறது. 1980-இல் சியாட்டில் படகுக் கண்காட்சியில் நார்டிக் டக் 26 என்ற இழுவைப் படகுச் சாயல் கொண்ட படகு அறிமுகமானபோது, எரிபொருள் விலை ஏறிக்கிடந்த அந்தக் காலத்தில், சின்ன டீசல் இன்ஜினோடு மெதுவாகப் போகும் குடும்பப் படகு என்ற எண்ணம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் 26 அடியில் அந்த உருவத்துக்கு இடம் இருக்கிறது. 14 அடியில் அதே உருவம் கேலிச்சித்திரம் ஆகிவிடும். கேலிச்சித்திரமாகவே அழகாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. என்னுடைய படகே அப்படித்தான். அதில் நாலு பேர் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் வரைபடம் வாங்குவதில் என் ஒரே பிடிவாதம் வருகிறது. படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். எடைப் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். நல்ல வடிவமைப்பாளர் ஒவ்வொரு பொருளுக்கும் எடை போட்டு, அது ஏராவிலிருந்து (படகின் அடிமரத்திலிருந்து) எவ்வளவு உயரத்தில், அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் போட்டிருப்பார். ஒட்டுப்பலகை, எப்பாக்சி, கண்ணாடி, பேட்டரி, எரிபொருள் தொட்டி, நங்கூரம், ஆட்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தை எல்லோரும் விற்கும் தாள்களில் சேர்ப்பதில்லை. ஆனால் கேட்டால் தருவார்கள். கேட்டும் தராதவர், அல்லது 'இதுவரை யாருக்கும் பிரச்சினை வந்ததில்லை' என்று மட்டும் பதில் எழுதுபவர், அந்தக் கணக்கைப் போடவே இல்லை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

அந்தப் பட்டியல் ஏன் வேண்டும் என்பதற்கு உங்கள் 18 அடிப் படகை வைத்தே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. இந்த அளவுப் படகுக்கு நியாயமானவை. ஆட்களோடு சேர்த்து மொத்த எடை 1200 கிலோ. அதில் நீங்கள் நால்வரும் விருந்தாளி ஒருவரும் சேர்ந்து 300 கிலோ. படகின் ஈர்ப்பு மையத்துக்கும், சாயும்போது தண்ணீர் அதைத் தாங்கி நிமிர்த்துகிற மெட்டா மையத்துக்கும் உள்ள உயரம் 60 செ.மீ. என்று கொள்வோம். இந்த உயரம்தான் படகின் பிடிப்பு. கரையோரம் ஒரு நீர்நாய் தெரிகிறது. ஐந்து பேரும் ஒரே பக்கம் 60 செ.மீ. நகர்ந்து எட்டிப்பார்க்கிறீர்கள். படகு சுமார் 14 பாகை சாயும். பிள்ளைகள் கூச்சலிடுவார்கள், தேநீர் கொட்டும், அவ்வளவுதான். இப்போது பெரியவர்கள் இருவர், 150 கிலோ, சுக்கான் அறையின் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தளத்திலிருந்து கூரைக்கு 1.8 மீட்டர். 150-ஐ 1.8-ஆல் பெருக்கி 1200-ஆல் வகுத்தால், ஈர்ப்பு மையம் 22 செ.மீ.க்கு மேல் ஏறிவிட்டது. பிடிப்பு 60-இலிருந்து 37-க்கு இறங்கிவிட்டது. அதே நீர்நாய், அதே எட்டிப்பார்ப்பு. இந்த முறை சாய்வு 22 பாகை. 7 அடி அகலப் படகில் அந்தச் சாய்வுக்குப் பக்க விளிம்பு ஏறத்தாழ 40 செ.மீ. இறங்கும். அமரத்தில் (படகின் பின்பகுதியில்) பக்கப்பலகை தண்ணீருக்கு மேல் நிற்பதே அவ்வளவுதான் என்றால், மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சூத்திரம் சிறிய சாய்வுகளுக்கு உரியது. 22 பாகையில் அது தோராயம்தான். ஆனால் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கிய பிறகு துல்லியம் யாருக்கு வேண்டும்?

இதே கணக்கில் உங்கள் 15 செ.மீ. கேள்விக்கும் பதில் இருக்கிறது. அது நீங்கள் எதிர்பார்ப்பதைவிட நல்ல பதில். கூரையும் சன்னல்களும் சேர்ந்து 80 கிலோ என்றால், அவற்றை 15 செ.மீ. தூக்குவதால் மொத்தப் படகின் ஈர்ப்பு மையம் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் ஏறும். அதாவது கூரையை உயர்த்துவது பெரிய குற்றமல்ல. முன்னால் நன்றாகத் தெரிய வேண்டும் என்று பலர் செய்வதுபோல நிற்கும் தளத்தை 20 செ.மீ. உயர்த்தினால்தான் ஆபத்து. அப்போது 300 கிலோ ஆட்களும் மேலே போகிறார்கள், ஐந்து செ.மீ. பறிபோகிறது. ஆகவே தலைக்கு இடம் வேண்டுமானால் முதலில் தளத்தைக் கீழே இறக்க முடியுமா என்று வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். முடியாவிட்டால் கூரையை 10 செ.மீ. உயர்த்துங்கள். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டால் சன்னல்களின் எடை பாதியாகும். உயர்த்தியதன் கடன் அதிலேயே அடைந்துவிடும். கூரைமேல் யாரும் ஏற முடியாதபடி ஏணியும் கைப்பிடியும் வைக்காமல் விடுங்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு 'ஏறாதே' என்று சொல்வதைவிட ஏற வழியில்லாமல் செய்வது மேல். காற்று பிடிக்கும் பரப்பும் கொஞ்சம் கூடும். துறையில் கட்டும்போது மெதுவாக வருகிற படகைக் காற்று தள்ளும், அதைப் பழகிக்கொள்ளலாம். 15 செ.மீ. முழுதும் உயர்த்தினால் படகு தொலைபேசிக் கூண்டைச் சுமந்து போவதுபோல் தெரியும் என்பது என் ரசனை; பொறியியல் அல்ல.

வரைபடத்தின் தரம் என்று சொல்லும்போது எண்களின் தரத்தையும் சொல்ல வேண்டும். என் முதல் வரைபடத்தில் (யாருடையது என்று சொல்லப்போவதில்லை) அளவு அட்டவணை அடி, அங்குலம், எட்டில் பங்கு என்ற முறையில் இருந்தது: 2-3-5 என்றால் 2 அடி 3 அங்குலம், எட்டில் ஐந்து. எல்லா வங்குகளையும் அளந்து அறுத்து நிறுத்தியாயிற்று. ஒரு ஞாயிறு காலை, நெகிழும் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை அணியத்திலிருந்து அமரம் வரை வங்குகளின்மேல் வளைத்துப் பிடித்துப் பார்த்தேன். ஐந்தாவது வங்கில் சட்டம் முழங்கை மடக்கியதுபோல் புடைத்து நின்றது. நான்தான் தப்பாக அறுத்தேன் என்று ஒரு மணி நேரம் என்னையே திட்டிக்கொண்டேன். அட்டவணையை மறுபடி பார்த்தால் 2-5-3 என்றிருந்தது. மூன்றும் ஐந்தும் இடம் மாறியிருந்தன; ஒன்றே முக்கால் அங்குலப் பிழை. மரச்சட்டம் பொய் சொல்வதில்லை, அச்சு சொல்லும். வடிவமைப்பாளருக்கு எழுதினேன், 'ஆமாம், முன்பே ஒருவர் சொன்னார்' என்று பதில் வந்தது. சொன்னார், ஆனால் திருத்தவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது: இந்தத் தாள் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, இதை வைத்து எத்தனை படகுகள் தண்ணீரில் இறங்கின, அவற்றில் ஒன்றையாவது எடைபோட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இறக்கியபோது வரைந்த நீர்க்கோட்டில் மிதந்ததா என்பது எல்லாவற்றையும்விட நல்ல கேள்வி. முழு அளவு அச்சுத் தாள்கள் தருவதாகச் சொன்னால் மகிழுங்கள், ஆனால் காகிதம் ஈரத்தில் நீளும். இந்த ஊர் மழைக்குச் சொல்லவே வேண்டாம். குறுக்கும் நெடுக்கும் ஓர் அளவுகோலை வைத்துச் சரிபார்த்த பிறகே மரத்தில் குறியுங்கள்.

வேகத்தைப் பற்றி. தண்ணீரை இடித்துக்கொண்டு போகும் இந்த வகைப் படகின் இயல்பான வேக எல்லை, நீர்க்கோட்டின் நீளத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வரும். 14 அடிப் படகில் நீர்க்கோடு 13 அடி என்றால் 4.8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). 18 அடிப் படகில் 17 அடி என்றால் 5.5 நாட். இதற்கு மேல் 40 குதிரைத்திறன் மாட்டினாலும் அமரம் புதையும், பின்னால் அலை எழும், எரிபொருள் தீரும், வேகம் வராது. என் கணிப்பில் 18 அடிக்கு 10 குதிரைத்திறன் போதும். பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றும் அதிக உந்துவிசை வகை அவுட்போர்டு (அமரத்தில் வெளியே மாட்டும் இன்ஜின்) இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். ஆனால் உங்கள் தண்ணீரின் குணம் வேறு. டிசெப்ஷன் பாஸ் நீரிணையில் நீரோட்டம் எட்டு நாட் வரை போகும். இங்கே டக்கோமா நாரோஸ் நீரிணையில் ஒருமுறை ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையைச் சரியாகப் பார்க்காமல் போய், பாலத்தின் ஒரே தூணை முக்கால் மணி நேரம் தரிசித்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் கரைந்தது, தூண் நகரவில்லை. 14 அடிப் படகென்றால் எவரெட்டிலிருந்து விட்பி தீவின் லாங்லிக்குப் போய்வருவதே ஒரு முழு நாளின் திட்டம். அது பிடிக்கும் என்றால் சரி. பிள்ளைகளுக்குப் பிடிக்குமா என்று யோசியுங்கள்.

பெட்ரோல் இன்ஜினைப் படகுக்கு உள்ளே வைக்கும் வரைபடமானால் வாங்க வேண்டாம் என்பேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடித்தளத்தில் போய்த் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அமரத்தில் குழிபோல் விட்டு அதில் அவுட்போர்டை மறைக்கும் அமைப்பு அழகும் கெடாமல் ஆபத்தும் இல்லாமல் இருக்கும். சிறிய டீசல் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த எடை கீழே உட்காரும். விலைதான் கையைக் கடிக்கும்.

இழுவைப் படகென்றால் பின்னால் கயிறு கட்டும் தறி இருக்கும்; உங்கள் இரண்டு வரைபடங்களிலும் அது படத்தில் தெரிகிறது. அது அலங்காரம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நிஜ இழுவைக் கப்பல்களைக் கவிழ்த்து ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் புயல் அல்ல. இழுக்கும் கயிறு பக்கவாட்டில் திரும்பியதுதான். கயிறு கப்பலைக் குறுக்கே இழுத்தால் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். ஒன்பது ஆண்டுகள் நான் போட்ட கணக்கில் பாதி இதற்காகத்தான். நிஜக் கப்பலில் இழுக்கும் புள்ளி நடுப்பகுதிக்கு அருகே, சுக்கானுக்கு நன்றாக முன்னால் இருக்கும். அப்போதுதான் இழுத்துக்கொண்டே திரும்ப முடியும். அமரத்தின் விளிம்பிலேயே தறியை வைத்திருந்தால் கயிற்றின் மறுமுனையில் இருப்பதுதான் உங்களை ஓட்டும். ரப்பர் மிதவையில் பிள்ளைகளை இழுப்பது வரை சரி. பழுதான இன்னொரு படகை இழுக்க ஆசைப்படாதீர்கள்.

பலகைக்கு பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரையுள்ள கடல்தர ஒட்டுப்பலகையை மட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு துண்டை அறுத்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் கடைக்காரரிடம் திருப்பிவிடலாம். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. வெறும் உடலும் தளமும் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும் என்பது என் கணக்குப் புத்தகம் சொல்வது. மீதி இன்ஜின், டிரெய்லர், பூச்சு, மின்கம்பிகள், ஆயிரம் சின்னத் திருகாணிகள்.

கராஜ் கதவை மறந்துவிடாதீர்கள். பானைக்குள் பூசணிக்காய் வளர்த்தவன் கதையாகிவிடும். 8 அடி 6 அங்குலத்துக்கு மேல் அகலமானால் சிறப்பு அனுமதியில்லாமல் நெடுஞ்சாலையில் இழுத்துப்போக முடியாது. உங்கள் 18 அடிப் படகு 7 அடி அகலம்தான், அதனால் கதவும் சாலையும் பிரச்சினையில்லை. உயரம்தான் பிரச்சினை. டிரெய்லரில் ஏற்றினால் சுக்கான் அறை 7 அடிக் கதவில் போகாது. அறையைத் தனியாகக் கட்டி வெளியே வந்தபின் பொருத்தும்படி வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் கட்டிய படகுக்கு மாநிலத்திடம் 12 எழுத்தெண் கொண்ட படகு அடையாள எண் வாங்கிப் பதிவுசெய்ய வேண்டும். ஒட்டுப்பலகை வாங்கிய ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகளை விற்பனைக்குச் செய்யும் நிறுவனங்கள், தண்ணீர் நிறைந்தாலும் படகு நேராக மிதக்கும்படி மிதவைப் பொருள் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. உங்கள் வரைபடத்திலும் அது எங்கே, எவ்வளவு என்று குறித்திருக்க வேண்டும். பியூஜெட் சவுண்டின் தண்ணீர் கோடையிலும் 13 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதற்கும் நீந்துவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த மிதவைதான். 19 அடிக்குக் குறைந்த படகில் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் மிதவைச் சட்டை அணிந்தே இருக்க வேண்டும் என்பது வாஷிங்டன் மாநிலச் சட்டம். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அது பொருந்தும்.

ஆக, நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் வாங்குவேன். எடைப் பட்டியல் கிடைத்தால் மட்டும். கிடைக்காவிட்டால் 14 அடியைக் கட்டி, இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் என்ற எல்லையோடு எவரெட் கரையோரம் சுற்றுங்கள். தைத்து ஒட்டும் முறை அலமாரி செய்த கைக்கு எளிது, ஒரு குளிர்காலத்திலேயே உருவம் வந்துவிடும். இந்த முறையில் இந்தப் பகுதியில் பெயர் பெற்றவர் ஒலிம்பியாவின் சாம் டெவ்லின். அவருடைய சிறு இழுவைப் படகு வடிவங்களையும் ஒருமுறை பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் செப்டம்பரில் போர்ட் டவுன்சென்ட் மரப்படகு விழாவுக்குக் குடும்பத்தோடு போங்கள். அங்கே குட்டி இழுவைப் படகு ஏதாவது நின்றால் அனுமதி கேட்டு ஏறி, ஒரு பக்கமாக நில்லுங்கள். உங்கள் மனைவியின் முகத்தைப் பாருங்கள்.

இரண்டாவது வரைபடத்துக்கு விலை குறைந்த ஆய்வுப் பிரதி விற்கிறார்கள் என்றீர்கள். அதை வாங்கியதும் எடைப் பட்டியல் இருக்கும் பக்கத்தை மட்டும் இங்கே எழுதிப் போடுங்கள். படத்தைப் போட வேண்டாம், அது அவர்களுடைய சொத்து. உங்கள் நால்வரின் எடையையும் சேர்த்து எழுதுங்கள், குளிர்காலச் சட்டையோடு நிறுத்தது. கூரையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை அப்போது சென்டிமீட்டர் கணக்கில் சொல்கிறேன்.